பதினோராம் நாள் ஏற்றம்

ஜேவரைப் பற்றி எங்கள் பாஷ்குர் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். திமிர் பிடித்தவள் என்பார் ஒருவர். மாமியாரை எதிர்த்துப் பேசியவள் என்பார் இன்னொருவர். மந்தையைப் பாதி வழியில் விட்டுவிட்டு இறங்கி வந்தாளே, அதனால்தான் அந்த வருஷம் அப்படி ஆனது என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களும் உண்டு. அப்படிச் சொல்கிற எவரும் அன்று அந்த மலையில் ஏறியவர் இல்லை. ஏறியது மூன்று வீட்டைச் சேர்ந்த எட்டுப் பெண்கள். அவர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஜேவர் ஆற்றின் போக்கில் இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவள். பதினேழு வயதில் மிஸ்ராபுக்கு வாழ்க்கைப்பட்டு வாக்கான் பள்ளத்தாக்கின் இந்தக் கடைசி ஊருக்கு வந்தாள். நல்ல உயரம், அகலமான கை. மற்றவர்கள் ஐந்து யாக் மாடு கறப்பதற்குள் அவள் பத்து கறந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். நல்ல வேலைக்காரி என்று பேர் எடுத்தவள். அந்தப் பேர் எடுப்பதற்கு அவள் உடம்புக்குள் என்ன போய்க்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, எல்லார் வீட்டிலும் அதுதான் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் மருந்துக்கடை கிடையாது. பல்வலியா, அபின். இருமலா, அபின். பிரசவ வலியா, அபின். குழந்தை அழுகிறதா, அதன் முகத்தில் ஒரு வாய் அபின் புகை. வியாபாரி இலையுதிர் காலத்தில் வருவான், கறுப்பு உருண்டையைக் கொடுத்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவான். ஜேவருக்கு முதல் உருண்டையைக் கொடுத்தது மாமியார் நவ்பஹார்தான். மருமகளாக வந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஜேவர் ராத்திரி பகலாக இருமினாள். நவ்பஹார் அவள் தலையைத் தன் மடியில் வைத்து, கடலையளவு உருட்டி, சூடான உப்புப் பால்தேநீரில் கரைத்து ஊட்டினாள். இருமல் நின்றது. பெற்றவள்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று ஜேவர் அன்று அழுதாள். பாசத்தில் கொடுத்தது, அதை யாரும் மறுக்க முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம் பதினான்கு வருஷம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இரண்டு பிள்ளைகள் பிறந்து மண்ணுக்குள் போனதும் அந்தப் பதினான்கு வருஷத்துக்குள்தான். மூன்றாவதாகத் தங்கியவள் சித்தாரா. அவளுக்கு ஆறு வயது ஆனபோது, ஒருநாள் ஜேவர் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருக்க, அந்தப் பெண் தானாகவே விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி, ஊசியில் உருண்டையைக் குத்தி, சரியான பதத்துக்குச் சூடாக்கி, புகைக்குழாயை அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜேவர் குழாயை வாங்கவில்லை. முதன்முதலாக அவளுக்குப் பயம் வந்தது.

அந்த வசந்தத்தில்தான் ஃபர்சானா வந்தாள். வட்டாரத் தலைநகரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை குதிரையில் வருகிற மருத்துவத்தாதி. ஜேவரும் அவளுடைய ஓரகத்தி மெஹ்ரியும் அவளிடம் போய் உட்கார்ந்தார்கள். மெஹ்ரி, மிஸ்ராபின் தம்பி தௌலத்தின் மனைவி. இருபத்து மூன்று வயது, வாயாடி. கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் குழந்தை தங்கவில்லை, அபினை விட்டால் தங்கும் என்று நம்பினாள்.

"விடலாம். பத்து நாள் நரகம், அதுக்கப்புறம் மெல்ல மெல்லச் சரியாகும்" என்றாள் ஃபர்சானா. "ஆனா நான் சொல்றத ரெண்டு பேரும் காதுல வாங்கணும்."

"எங்க காதுல உப்பு மூட்டை போற அளவுக்கு இடம் இருக்கு. சொல்லுங்க" என்றாள் மெஹ்ரி.

ஃபர்சானா சிரிக்கவில்லை. "மொத வாரம் படுத்துக்கிடங்க. உப்பும் சக்கரையும் போட்ட தண்ணி, ஓயாம குடிச்சிக்கிட்டே இருக்கணும். வயித்தால போறதுக்கு ஈடு கட்டணும்ல. ஏழாம் நாளுக்கு மேல நடங்க, நடந்தா தூக்கம் வரும். ஆத்தங்கரையில சமதரையில மட்டும் நடங்க. பேசிக்கிட்டே நடங்க. பேசறப்ப மூச்சு வாங்கிச்சுன்னா உக்காந்திடணும். நெஞ்சு படபடன்னு அடிச்சா உக்காந்திடணும். சுமை தூக்கக் கூடாது. மூணு வாரத்துக்கு மேட்டுப் பக்கமே போகாதீங்க."

"அதுக்குள்ள மேய்ச்சலுக்கு ஏறணுமே" என்றாள் ஜேவர்.

"தள்ளிப் போடுங்க. முடியவே முடியலன்னா பாதி மலையில ரெண்டு ராத்திரி தங்கிட்டு ஏறுங்க. ஒரே நாள்ல ஏறாதீங்க. இன்னொண்ணு." அவள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். "விட்டதுக்கு அப்புறம் என்ன வலி வந்தாலும் பழைய அளவைத் தொடவே கூடாது. பத்து நாள்ல உடம்பு அதை மறந்திடும். முன்ன தாங்கினது இப்பத் தாங்காது. தூங்குற மாதிரியே இருக்கும், மூச்சு நின்னுடும். மேல காத்தும் கம்மி. இத உங்க வீட்டுல பெரியவங்களுக்கும் சொல்லிடுங்க."

மற்றதை எல்லாம் ஜேவர் நவ்பஹாரிடம் சொன்னாள். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. 'நான் கொடுத்த மருந்தா ஆளைக் கொல்லும்' என்று கிழவி மூக்கைச் சிந்துவாள், ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசமாட்டாள். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள். ஏன் விட்டோம் என்று இன்றுவரை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நரகம் என்று ஃபர்சானா சொன்னது குறைவு. முதல் நாள் கொட்டாவியும் மூக்கொழுகலும். இரண்டாம் நாளிலிருந்து தோலெல்லாம் புல்லரித்தது, வியர்த்தது, குளிர்ந்தது. எலும்புக்குள் யாரோ கையை விட்டு முறுக்கியது போல வலி. கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாக உதைத்துக்கொண்டன. உண்டதெல்லாம் மேலும் கீழும் போயிற்று. தூக்கம் என்பதே இல்லை. இதற்கு எங்கள் ஊரில் குமோர் என்று பேர். அபின் உடம்பைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம். ஊரில் அதை அறியாதவர் கிடையாது. தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வாந்தி எடுத்தால், 'குமோர், கொஞ்சம் கொடு' என்பார்கள். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

"அக்கா, உன் கால் என்னை உதைக்குது" என்பாள் மெஹ்ரி இருட்டில். இருவரும் ஒரே கம்பளத்தில் கிடந்தார்கள்.

"உன் கால் மட்டும் என்ன, கும்பிட்டுக்கிட்டா இருக்கு?"

"நான் பெத்துக்கப்போற புள்ளைக்கு இதெல்லாம் சொல்லிக் காட்டுவேன். உனக்காக உங்க பெரியம்மாகிட்ட உதை வாங்கினேன்டான்னு."

நவ்பஹார் மூன்று முறை தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றாள். "எதுக்குடி இந்தப் பாடு? ஒரு பொட்டு போதும், எழுந்து உக்காந்திருவீங்க." மூன்று முறையும் மெஹ்ரிதான் கோப்பையை வாங்கி அடுப்பில் ஊற்றினாள். கிழவிக்கு முகம் சுருங்கிவிட்டது. நவ்பஹார் பொல்லாதவள் இல்லை. ஒருவர் வலியில் துடிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது, அதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி.

ஏழாம் நாள் இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். நூறு அடி நடந்ததும் ஜேவருக்கு நெஞ்சு தடதடத்தது. உட்கார்ந்தார்கள். மறுநாள் இருநூறு அடி. ஒன்பதாம் நாள் பழைய ஓடத்துறை வரை போய், பேசிக்கொண்டே திரும்பினார்கள். அன்று ஜேவருக்கு ரொட்டி ருசித்தது. எத்தனையோ வருஷமாக அவளுக்கு எதுவும் ருசித்ததில்லை. இருவரும் தேறிவிடுவார்கள் என்று நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கை இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் நவ்பஹார் வந்து சொன்னாள். "வெயில் பிளவுப்பாறையில விழுந்திருச்சு. நாளைக்கு ஏறணும்."

எங்கள் ஊரில் மேய்ச்சலுக்கு ஏறுகிற நாளை வெயில்தான் சொல்லும். மந்தையை ஓட்டிக்கொண்டு ஏறுவது பெண்கள். ஆண்கள் பாலம் வரைதான் வரலாம். மேலே கடைந்த முதல் வெண்ணெய் கீழே இறங்கும்வரை ஆண்பிள்ளை பாலத்தைத் தாண்டினால் மந்தைக்கு ஆகாது. எந்தக் காலத்து வழக்கமோ தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை.

"அத்தே, இன்னும் பத்து நாள் போகட்டும்" என்றாள் ஜேவர். "எங்களுக்கு இன்னும் தெம்பு வரல."

"நீ வரலன்னா யார் கறப்பா? நாப்பது யாக்கையும் நான் கறக்கவா? கீழ புல்லு தீந்துபோச்சு. கன்னுக்குட்டி எல்லாம் எலும்பும் தோலுமா நிக்குது."

ஜேவர் புருஷனைப் பார்த்தாள். மிஸ்ராப் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். "அம்மா சொல்றதும் சரிதானே. ஆத்தங்கரையில நல்லாத்தானே நடந்தீங்க" என்றான்.

"ஆத்தங்கரையும் மலையும் ஒண்ணா?"

"மெதுவா ஏறுங்க. யாரு ஓடச் சொன்னா?"

பாதி மலையில் இரண்டு இரவு தங்கலாமா என்று ஜேவர் கேட்டாள். அங்கே புல் இல்லை, யாக்குகள் நிற்காது என்றார்கள். அதுவும் உண்மைதான். எல்லாருக்கும் ஒரு நியாயம் இருந்தது. மெஹ்ரி மட்டும் ஜேவரின் காதருகே வந்து, "போகலாம் அக்கா. மேல போனா அபினும் கிடையாது, வியாபாரியும் கிடையாது. நம்மளுக்கு நல்லதுதான்" என்றாள். கிழவியின் இடுப்புத் துணியில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும் என்பது இருவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

விடியும்போது புறப்பட்டார்கள். மாட்டுக்கு மூலிகைப் புகை காட்டி, ஒவ்வொரு பெண்ணின் வலது தோளிலும் ஒரு பிடி மாவு தூவி அனுப்பினார்கள். பாலத்தில் ஆண்கள் நின்றுவிட்டார்கள். தௌலத் தன் மனைவியைப் பார்த்து, "பாத்துப் போ" என்றான். "நீ இங்கேயே நின்னு பாத்துக்க. உன் வேலை அதுதானே" என்றாள் மெஹ்ரி. பாலத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் மேடு வரை மெஹ்ரி பேசிக்கொண்டே வந்தாள். ஜேவரின் நாத்தனார் ஆர்ஜூ, கல்யாணமாகாதவள், முன்னால் மந்தையை ஓட்டினாள். இரண்டாவது மேட்டில் மெஹ்ரியின் பேச்சு குறைந்தது. மூன்றாவதில் நின்றேபோய்விட்டது. ஜேவர் அதைக் கவனித்தாள். 'உட்காருவோம்' என்று சொல்ல நினைத்தாள். ஆனால் மந்தை நகர்ந்துகொண்டிருந்தது, கன்றுகள் பின்தங்கின, நவ்பஹார் மேலேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக வரும் கன்றுகளை ஓட்டுவது ஜேவரின் வேலை. மெஹ்ரி கிழவியோடு முன்னால் போனாள். இருவரும் பிரிந்தது அங்கேதான்.

வெயில் ஏற ஏற ஜேவருக்குத் தலை வலித்தது. நெற்றிப் பொட்டில் ஆரம்பித்துப் பின்மண்டைக்குப் போயிற்று. குமட்டியது. பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். நெஞ்சு காதுக்குள் அடித்தது. குமோர்தான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள். பத்து நாள் பட்டதெல்லாம் வீண், இந்த உடம்பு தன்னை விடப்போவதில்லை என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. உட்காரக்கூட வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

குமோர் இல்லை அது. மலை பிடித்துக்கொண்டிருந்தது, உயரத்தில் காற்று போதாமல் வருகிற நோய். குளிர்காலம் முழுக்கக் கீழே கிடந்து, பத்து நாள் வயிற்றால் போய், ரத்தம் சுண்டிய உடம்பு ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறினால் மலை பிடிக்காமல் என்ன செய்யும்? மற்ற ஊர்க்காரர்கள் என்றால் உடனே சொல்லியிருப்பார்கள், கீழே இறங்கு என்று. எங்களுக்குத் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் என்றால் ஒரே அர்த்தம்தான். ஊரே ஒரு நோயை மட்டும் அறிந்து வைத்திருந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கல்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். மேய்ச்சல் தொடங்குகிற இடம். நாலு கல் குடிசைகள், மாடு அடைக்கிற வளைவுகள். நவ்பஹார் ஏற்கனவே சாணம் மூட்டித் தேநீர் வைத்திருந்தாள். குடிசைக்குள் மெஹ்ரி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். மேலே இரண்டு போர்வை.

"என்ன ஆச்சு அவளுக்கு?" என்றாள் ஜேவர்.

"தலைவலின்னா. வாந்தி எடுத்தா. இப்பப் பரவால்ல, தூங்குறா" என்றாள் நவ்பஹார். "நீயும் உக்காரு. மூஞ்சி எல்லாம் வெளுத்துப் போயிருக்கு. இந்தா, சூடா குடி."

ஜேவருக்கு மெஹ்ரியின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. பதினோரு நாளில் முதன்முதலாகத் தூங்குகிறாள், கொடுத்து வைத்தவள் என்று நினைத்தாள். கோப்பையை வாங்கி மடமடவென்று பாதி குடித்தாள். வாய்க்குள் உப்பும் கொழுப்பும் கலந்த ருசிக்கு அடியில் ஒரு கசப்பு இருந்தது. அந்தக் கசப்பை அவள் பதினான்கு வருஷமாக அறிவாள்.

"அத்தே, இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"எப்பவும் போடுறதுதான். எத்தனை நாள்தான் உன்ன இப்படிப் பாத்துக்கிட்டிருக்கிறது?"

"எவ்வளவு?"

"எப்பவும் குடிக்கிற அளவுதான்டி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

ஜேவர் வெளியே வந்து விரலைத் தொண்டைக்குள் விட்டாள். கொஞ்சம் வந்தது, எல்லாம் வரவில்லை. குடித்ததில் எவ்வளவு உள்ளே தங்கியது என்று தெரியவில்லை. ஆர்ஜூ ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"என்னைத் தூங்க விடாத. கீழ கூட்டிக்கிட்டுப் போ. இப்பவே. அந்த மருத்துவக்காரம்மா சொன்னாங்க, பழைய அளவு குடிச்சா மூச்சு நின்னுடும்னு."

நவ்பஹார் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "பதினாலு வருஷம் என் கையால குடிச்ச. அப்பெல்லாம் சாகாதவ இன்னைக்குச் செத்துடுவியா? நான் என்ன உனக்கு விஷமா வச்சேன்?" அவள் மூக்கைச் சிந்தினாள். "இறங்கிப் போனா ஊர் என்ன பேசும்னு தெரியுமா?"

ஜேவரின் தலைக்குள் அந்தப் பழைய இதமான வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது. வலி குறைந்தது. எல்லாம் சரியாகிவிடும், கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளை உலுக்கியது. அவள் ஆர்ஜூவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் அவள் நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று, கண்ணை மூடக் கூடாது என்பது. வேறு எதற்கும் அவள் தலைக்குள் இடம் இல்லை.

ஆர்ஜூவுக்கு அம்மா மீதும் கோபம், அண்ணி மீதும் கோபம். ஆனாலும் சொன்னதைச் செய்தாள். "பேசு அண்ணி. நம்ம யாக்குங்க பேரெல்லாம் சொல்லு."

"வெள்ளநெத்தி. கோணக்கொம்பு. அப்புறம்... அந்த முரடு."

"முரடுக்குப் பேரு இல்லையா?"

"உங்க அண்ணன் பேருதான்."

ஆர்ஜூ சிரித்துவிட்டாள். பிறகு ஜேவரின் கண் செருகுவதைப் பார்த்துச் சிரிப்பு போய்விட்டது. கன்னத்தில் ஒன்று விட்டாள். "தூங்கின, இன்னும் பலமா விழும்."

இறங்குவதும் லேசில்லை. வேகமாக இறங்கினால் நெஞ்சு அடைத்தது, நின்றால் தூக்கம் அமுக்கியது. ஐம்பது அடி நடப்பார்கள், ஆர்ஜூ அவளை நிறுத்தித் தோல்பையிலிருந்து தண்ணீர் புகட்டுவாள், உட்கார விடாமல் மறுபடி நடத்துவாள். ஓரிடத்தில் ஜேவர் மூச்சு விடுவதை மறந்தே போனாள். ஆர்ஜூ முதுகில் ஓங்கி அறைந்து, "இழு, மூச்ச இழு" என்று காதுக்குள் கத்தினாள். ஜேவர் இழுத்தாள். அதன் பிறகு ஆர்ஜூ ஒவ்வொரு மூச்சையும் எண்ண ஆரம்பித்தாள். அவளுக்கு நூறுக்கு மேல் எண்ணத் தெரியாது, நூறு வந்ததும் மறுபடி ஒன்று.

இரண்டாவது மேடு தாண்டியதும் காற்று கனத்தது. மலை பிடித்தது மெல்ல விட்டது. வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள், அதுவும் நல்லதாயிற்று. முதல் மேட்டுக்கு வந்தபோது ஜேவரால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிந்தது. ஆற்றுச் சத்தம் கேட்டது. பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்து, ஆர்ஜூவின் தோளில் சாய்ந்து அழுதாள். ஆர்ஜூவும் அழுதாள்.

பாலத்தில் ஆண்கள் இன்னும் இருந்தார்கள். மந்தையை அனுப்பிவிட்டு அங்கேயே ஆடு அடித்துச் சாப்பிடுவது வழக்கம். மிஸ்ராப் எழுந்து நின்றான். "ஏறினவங்க பாதியில இறங்கலாமா? என்ன ஜேவர் இது?" என்றான். கிட்டே வந்து அவள் முகத்தைப் பார்த்ததும் தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினான்.

தௌலத் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டு வந்தான். "அண்ணி, மெஹ்ரி எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

"தூங்குறா" என்றாள் ஜேவர்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. தெளிந்துகொண்டிருந்த தலைக்குள் குடிசையின் உள்பக்கம் வந்து நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிய முகம். இரண்டு போர்வை. தலைவலின்னா, வாந்தி எடுத்தா, இப்பப் பரவால்ல. பதினோரு நாளாகத் தூங்காதவள் மலை பிடித்த தலைவலியோடு எப்படித் தூங்குவாள்? கோப்பை அவள் கையிலிருந்து விழுந்தது.

"ஆர்ஜூ. மெஹ்ரி தேநீர் குடிச்சாளா?"

ஆர்ஜூ மெல்லச் சொன்னாள். "உனக்கு முன்னாடியே குடிச்சா. வாடை தெரியாம இருக்க அம்மா நிறைய வெண்ணெய் போட்டாங்க. முழுசும் குடிச்சா. உன் மூச்ச எண்ணுற பயத்துல அவ நெனப்பே வரல. நான்தான் போத்திவிட்டேன் அண்ணி."

ஜேவர் என்ன சொல்கிறாள் என்று தௌலத்துக்கு முதலில் புரியவில்லை. அவள் இரண்டு வரியில் சொன்னாள். பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்து, பெண்களில் யாரையாவது அனுப்பலாம், ஆண்பிள்ளை தாண்டக் கூடாது என்றார். ஊரில் மிச்சமிருந்த பெண்களைக் கூட்டி வரவே ஒரு நாழிகை ஆகும். தௌலத் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பாலத்தைத் தாண்டி ஓடினான்.

மிஸ்ராப் நின்ற இடத்திலேயே நின்றான். ஜேவர் எழுந்தாள்.

"நீங்க வழக்கத்தைப் பாத்துக்கிட்டு இருங்க. நான் போறேன்" என்றாள். "அவ என் கூடத்தான் அபின விட்டா. நான் அவளை அங்க விட்டுட்டு வந்துட்டேன்."

மிஸ்ராப் குதிரையை அவிழ்த்தான். அவளைத் தூக்கி உட்கார வைத்து, கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினான். பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள். அவன் திரும்பவில்லை.

குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஜேவர் ஏறினாள். தலைவலி திரும்ப வந்தது, வரட்டும் என்றிருந்தாள். தனக்கு விரலைத் தொண்டையில் விடத் தெரிந்தது, பத்தடி தள்ளிக் கிடந்தவளின் தோளைத் தட்டத் தெரியவில்லையே என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். மேலே வெகுதூரத்தில் தௌலத் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். நிற்பான், குனிந்து முழங்காலைப் பிடிப்பான், மறுபடி ஓடுவான். கடைசி மேட்டில் குதிரை அவனைப் பிடித்துவிட்டது. அவன் வாயோரம் நுரை. மூன்று பேரும் சேர்ந்துதான் கல்பட்டிக்குள் நுழைந்தார்கள். சிகரங்களில் இன்னும் வெயில் இருந்தது.

கல்பட்டி அமைதியாக இருந்தது. மாடுகள் அடைந்து, பெண்கள் தொலைவில் கறந்துகொண்டிருந்தார்கள். குடிசை வாசலில் நவ்பஹார் சப்பணமிட்டு உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். பாலத்தைத் தாண்டி வந்த தன் இரண்டு மகன்களையும் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. திட்டுவதற்காக எழுந்தாள். அப்புறம் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள், உதட்டில் விரலை வைத்து. "பதினோரு நாளாத் தூங்காத புள்ள. மத்தியானத்துலேருந்து பொரண்டுகூடப் படுக்கல, அப்படித் தூங்குறா."

அவளை எழுப்பிவிடக் கூடாதென்று, கத்துகிற கன்றுகளையெல்லாம் கடைசி வளைவில் கொண்டுபோய்க் கட்ட வைத்திருந்தாள்.